விருந்தறை நெருப்பு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அய்வாஸ் உட்காரும் முன் ஒருமுறை குனிவார். ஷூவைக் கழற்றி, சலாம் சொல்லி, கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் கேஸ் கணப்புக்குப் போவார். குமிழைப் பிடித்து ஒரு மயிரிழை திருப்புவார். தன் வீடு, தங்கை வீடு, டெப்போ மேலாளர் வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. யார் எந்த அளவில் வைத்திருந்தாலும் அவர் கணக்கில் அது தப்பான அளவு. வெறும் அறை என்றால் குறைப்பார், விருந்தாளி வரப்போகிறார் என்றால் கூட்டுவார். அப்புறம் நிமிர்ந்து, அறையில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுல யாரு கை வச்சது?" என்று கேட்பார்.

யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை.

மகள் சேவ்தா விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வந்தாள். தப்ரீஸ் நகரப் பேருந்து ஓட்டியே அவருக்குத் தலை நரைத்தது. முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்தே பழகிய மனிதருக்குக் கண்ணெதிரே நடப்பதில் நம்பிக்கை வராதோ என்று அவள் யோசித்ததுண்டு. கறிக்கடைக்காரரின் தராசைச் சந்தேகப்படுவார். வானிலை அறிக்கையைச் சந்தேகப்படுவார். டாக்டர் சிரித்துப் பேசினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவே கட்டிவிடுவார். யாராவது அவரைப் புகழ்ந்துவிட்டால் அன்று முழுக்க, "இவனுக்கு நம்மகிட்ட என்னமோ வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

எல்லோரையும்விட அவருடைய சந்தேகம் அதிகம் விழுந்தது மேல்மாடி முஸய்யிப் மீதுதான். முஸய்யிப் அவரைவிட மூத்தவர், தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், வாயாடி. முந்தின குளிர்காலத்தில் மொட்டைமாடிப் பனியைத் தள்ளும்போது ஒரு பாளம் சரிந்து முற்றத்தில் நின்ற அய்வாஸின் பழைய காரின் மேல் விழுந்துவிட்டது. "கை தவறிடுச்சு தம்பி" என்றார் முஸய்யிப். "முற்றம் இவ்வளவு பெருசு. பனிக்கு என் கார் மட்டும்தான் கண்ணுல பட்டுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போன அய்வாஸ் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்ப்பார். முஸய்யிப் விடமாட்டார். "சுவரு சௌக்கியமா இருக்கா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போவார்.

அந்தத் 'தம்பி'தான் அய்வாஸுக்குக் காரில் விழுந்த சொட்டையைவிட அதிகம் எரிந்தது.

சேவ்தாவைப் பெண் கேட்டு யாஷாரின் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பியது நல்ல பனிக்காலத்தில். தன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் சேவ்தா. ஒரு செருப்புத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தாள். அங்கே தோல் கொண்டுவந்து இறக்குகிறவன் யாஷார். ரசீதில் கையெழுத்து வாங்க ஒரு நிமிஷம் போதும்; அவன் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். அவளும் பேனாவைத் தேடுவதுபோல் தேடுவாள். அவனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வரப்போகிறார்கள் என்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. இது கூடி வர வேண்டும் என்று அவள் வெளியில் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

விருந்தறையைத் திறந்தார்கள். விருந்தாளி இல்லாமல் அந்த அறையைத் திறக்க அய்வாஸ் விடமாட்டார். நல்ல கம்பளம், கண்ணாடி அலமாரி, சட்டமிட்டு மாட்டிய சேவ்தாவின் பட்டம், சுவரோரம் கேஸ் கணப்பு. அய்வாஸின் மனைவி தாவூஸ் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். புத்தாண்டுக்கு முன் வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவுவதுபோல, இந்த முறை விருந்தாளிக்காக முன்கூட்டியே கழுவினார்கள். கணப்பு மட்டும் அய்வாஸின் பொறுப்பு. அதற்குள் விறகுக்கட்டை போலச் செய்து வைத்திருக்கும் பீங்கான் துண்டுகளில் தூசி படிந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்து, துண்டில் உலர்த்தி, திரும்ப அடுக்கினார். முன்பு இருந்தபடி அல்ல. "கடைக்காரன் என்னமோ ஏனோதானோன்னு அடுக்கியிருக்கான். விறகுன்னா விறகு மாதிரி இருக்கணும்" என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம் கட்டினார்.

பற்றவைத்ததும் நெருப்பு கட்டைகளை நக்கிக்கொண்டு மஞ்சளாக, உயரமாக எழுந்தது. சமையலறை அடுப்பில் மஞ்சள் கண்டால் உடனே அணைத்துவிட்டு ஆள் கூப்பிடுகிற மனிதர்தான். ஆனால் இது விருந்தறைக் கணப்பு. விறகு நெருப்பு போல் தெரியத்தானே அதை வாங்கியது. குனிந்து இன்னும் ஒரு மயிரிழை கூட்டினார்.

"பார்த்தியா, மலையடிவாரத்து நெருப்பு மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. யாரு கண்ணும் படாம இருக்கணும்" என்றாள் தாவூஸ்.

யாஷாரின் அம்மா முனீரே வந்ததும் நெருப்பை ஒட்டிய இருக்கையில் அவளை உட்காரவைத்தார்கள். மரியாதைக்குரிய இடம் அதுதானே. குளிர் நுழையாதபடி ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. டீ வந்தது, குராபியே பிஸ்கட் வந்தது. சேவ்தா தட்டை நீட்டியபோது முனீரேயின் முகம் தக்காளி போல் சிவந்திருந்தது. நெற்றியை அடிக்கடி தொட்டுக்கொண்டாள்.

"சூடா இருக்கா? ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று தாவூஸ் கேட்டாள்.

"ஐயையோ, வேண்டவே வேண்டாம். சொர்க்கம் மாதிரி இருக்கு உங்க வீடு. அந்த நெருப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அய்வாஸுக்கு மனம் குளிர்ந்தது. எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்தார்.

பழத்தட்டு வருவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். இவர்கள் உட்காருங்கள் என்றும், அவர்கள் போகிறோம் என்றும், கதவருகே வெகுநேரம் நடந்தது. சேவ்தாவுக்கும் அன்று தலை விண்ணென்று வலித்தது. ஆசைப்பட்ட காரியம் என்றால் உடம்பு இப்படித்தான் படுத்தும்போல என்று எண்ணிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசி வரவில்லை. தோல் கொண்டுவர யாஷாருக்குப் பதில் வேறு ஆள் வந்தான். வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் முளைத்தது. தாவூஸ் கண்ணேறு என்று முடிவு செய்து, தணலில் இஸ்பந்து விதையைப் போட்டு அறை அறையாகப் புகை காட்டினாள். சேவ்தா தன்னையே சந்தேகப்பட்டாள். அந்தப் பட்டத்தை முனீரே ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள்? படித்த மருமகள் பயமாக இருக்குமோ? அல்லது பட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த பேருந்து ஓட்டுநரைப் பார்த்தாளோ? இப்படி ஒரு எண்ணம் தனக்கு ஏன் வருகிறது என்று அதையும் சந்தேகப்பட்டாள். எங்கு சுற்றினாலும் தன்னிடமே வந்து நின்றாள்.

அய்வாஸின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் யாஷாரின் மாமன் ரொட்டிக் கடை வரிசையில் நின்று முஸய்யிபிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை ரொட்டிக்காரரே பார்த்திருக்கிறார். பெண் எடுக்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் இருக்க மாட்டார்கள். விசாரித்தது மேல்மாடிக்காரனிடம். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அய்வாஸ். "அன்னைக்குக் கார்ல போட்டான். இன்னைக்குப் பொண்ணு வாழ்க்கைல போட்டான்."

"அவர் அப்படிச் செய்வார்னு எனக்குத் தோணலப்பா" என்றாள் சேவ்தா.

"உனக்கு எப்படித் தோணும்? நீ புத்தகத்துல படிச்சவ. நான் ஆளைப் பார்த்துப் படிச்சவன்."

ஒருநாள் விருந்தறையில் எதையோ எடுக்கப் போனவருக்குக் கணப்பின் புகைபோக்கி வழியாக மேல்வீட்டுச் சத்தம் லேசாகக் கேட்டது. இரண்டு வீட்டுக் கணப்புக்கும் சுவருக்குள் ஒரே புகைக்கூண்டு. கறியை உரலில் இடிக்கிற ஓசை, முஸய்யிபின் இருமல், அவர் மனைவி என்னவோ சொல்லிச் சிரிப்பது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் காதைக் கொடுத்து உட்கார்ந்தால் என்றைக்காவது பிடிபடும்.

அன்றிலிருந்து வேலையில்லாத மத்தியானங்களில் அய்வாஸ் விருந்தறைக்குள் போய் உட்காரத் தொடங்கினார். மனைவி கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டார்.

"அங்க தனியா என்ன பண்றீங்க?" என்றாள் தாவூஸ்.

"குளிர் காயுறேன்."

"விருந்தாளி இல்லாம அந்த ரூமைத் திறக்க விடமாட்டீங்களே. இன்னைக்கு நீங்களே விருந்தாளியா?"

"என் வீட்டுல நான் உக்காரக் கூடாதா?"

நெருப்பு பெரிதாக எரிந்தால் அதன் இரைச்சலில் மேல்சத்தம் கேட்காது. குறைத்தால் முழங்கால் விறைக்கும். குமிழைக் குறைத்து ஐந்து நிமிஷம் கேட்பார், கூட்டி ஐந்து நிமிஷம் காய்வார். கூடத்துத் தொலைக்காட்சி இடைஞ்சல் செய்தது. கதவடியில் ஒரு சிறு கம்பளத்தைச் சுருட்டிச் செருகினார். ஜன்னலில் ஏற்கெனவே பிளாஸ்டிக். இப்போது அறைக்குள் ஒரு காற்றும் நுழையாது, வெளியேறாது. பீங்கான் கட்டைகளின் அடிப்பக்கம் கரி பிடித்து மைபோல் ஆகியிருந்தது. பார்த்தார். விறகு என்றால் கரி பிடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்.

கடும் பனி பெய்த ஒரு பகலில் தொழிற்சாலையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். சேவ்தா வீட்டுக்கு வந்தபோது அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. விருந்தறைக் கதவைத் தள்ளினாள். எதுவோ தடுத்தது. தோளைக் கொடுத்து உந்தியபோது கம்பளச் சுருளோடு கதவு நகர்ந்தது. உள்ளே இருந்து வந்த கனத்த சூட்டில் அவளுக்கே மூச்சு அடைத்தது.

அய்வாஸ் திண்டில் சரிந்து கிடந்தார். முகம் சிவந்திருந்தது, வாயோரம் வாந்தி. அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத. பேசிக்கிட்டிருக்காங்க."

எழுப்பப் பார்த்தாள். கால்கள் துணிபோல் துவண்டன. சேவ்தா படிக்கட்டுக்கு ஓடி, "முஸய்யிப் மாமா, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று கத்தினாள்.

முஸய்யிப் உள்பனியனோடு, ஒரு காலில் செருப்போடு இறங்கி வந்தார். அறை வாசலில் நின்று ஒருமுறை முகர்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் முதலில் கேஸ் வால்வை மூடினார். ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கையால் கிழித்துக் கதவுகளைத் திறந்தார். அய்வாஸின் அக்குளில் கையைக் கொடுத்துக் கம்பளத்தின்மேல் இழுத்தபடியே பால்கனிப் பனியில் கொண்டுபோய்க் கிடத்தினார்.

"தம்பி, மூச்சு விடு. என்னைப் பிடிக்கலைன்னா பரவாயில்ல, மூச்சை விடு."

"மேல பேசிக்கிட்டிருக்காங்க" என்றார் அய்வாஸ் மறுபடி.

"மேல யாரும் பேசலடா. நான்தான் இங்க இருக்கேனே."

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, சேவ்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் கேஸ் ஆள் வந்து கணப்புக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். கட்டைகள் துவாரங்களை அடைத்துக்கொண்டு கிடந்ததால் நெருப்பு சரியாக எரியாமல் விஷக்காற்று கக்கியிருக்கிறது, அடுக்கியது யார் என்று கேட்டார். தாவூஸ் டீ எடுத்துவர உள்ளே போனாள்.

செய்தி செருப்புத் தொழிற்சாலை வழியாக யாஷார் வீட்டுக்குப் போயிற்று. முனீரே உடனே தொலைபேசியில் வந்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள்.

"தாவூஸ் அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுலேருந்து கிளம்பி டாக்சியிலேயே வாந்தி எடுத்தேன். வாரம் முழுக்கத் தலையைத் தூக்க முடியல. யாஷாருக்கும் அப்படித்தான். அந்த வீட்டுல என்னமோ சரியில்ல, ராசியில்லாத வீடுன்னு நானே சொல்லிட்டேன். என் நாக்கை அறுக்கணும்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? விருந்துக்கு வந்த இடத்துல உங்க நெருப்பு எனக்குத் தலைவலின்னு சொன்னா அது மரியாதையா?"

யாஷார் வீட்டார் மறுபடி வந்தார்கள். கணப்பு அணைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து டீ குடித்தார்கள். யாஷாரின் மூக்கு நீலமாகியிருந்தும் அவன் சேவ்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காரியம் பேசி முடிந்ததும் அவன் மாமன் சர்க்கரைக் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"நாங்க விட்டாலும் உங்க மேல்மாடிக்காரர் விடுறதா இல்லீங்க. ரொட்டி வரிசையில என்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டார்."

அய்வாஸின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்ன சொன்னான்?"

"'சண்டைக்காரன், சந்தேகப்பிராணி, என்கிட்ட ஒரு வருஷமா பேசறதில்ல'ன்னு சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் சொல்றார்: 'ஆனா ஸ்டாப்பை விட்டுக் கிளம்பின பிறகும் கண்ணாடியில யாராவது ஓடி வர்றது தெரிஞ்சா வண்டியை நிறுத்துவான். ஒருத்தரையும் பனியில விட்டுட்டுப் போனதில்ல. பின்னால ஓடி வர்றவனைப் பார்க்கிற டிரைவர் இந்த ஊருல எத்தனை பேரு? அந்த வீட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு எடுங்க'ன்னார்."

அய்வாஸ் கோப்பையைக் கீழே வைத்தார். சேவ்தா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். யாரோ தன்னைப் புகழ்ந்ததைக் கேட்டு, அந்த ஆளுக்கு என்னவோ வேண்டும் என்று அவர் முணுமுணுக்காததை அவள் முதல்முறையாகக் கண்டாள். யோசித்துப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை போலும். அது அவரை நிம்மதியாக விட்டதாகவும் தெரியவில்லை.

நவ்ரூஸ் புத்தாண்டு வந்தது. இரண்டாம் நாளே முஸய்யிபும் மனைவியும் இறங்கி வந்தார்கள். வயதில் இளையவர்தான் முதலில் மூத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். நோயிலிருந்து எழுந்தவர் என்று மூத்தவரே வந்துவிட்டார். கைநிறைய இனிப்பு, வாய்நிறைய கிண்டல்.

"உடம்பு எப்படி இருக்கு தம்பி? எங்க வீட்டுப் பேச்சு ஒண்ணும் உருப்படியா இல்லையே, கேட்டு அலுத்திருக்குமே?"

அய்வாஸின் காது சிவந்தது.

"புகைக்கூண்டு வழியா கேட்டா பாதிதான் கேக்கும். மேல வந்து உக்காந்து கேளு. டீயும் கிடைக்கும்."

முஸய்யிபின் மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள். அய்வாஸும் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

அவர்கள் போனதும் தாவூஸ் சொன்னாள், "பெரியவர் படியிறங்கி வந்திருக்கார். நீங்க திருப்பிப் போகணும். பதிமூணாம் நாள் பண்டிகை முடியறதுக்குள்ள."

"போகாம எங்க போறேன்."

மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தயாரானார். மேல்வீட்டு வாசலில் நிறைய ஷூ கிடந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டார். அடுத்த நாள் முஸய்யிப் தூங்குகிற நேரம் என்றார். ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு கதவுவரை போய் மணியில் விரலை வைக்கப்போனதைச் சேவ்தா கீழ்ப்படியிலிருந்து பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"உள்ள சிரிக்கிறாங்க."

"புத்தாண்டுக்குச் சிரிக்காம அழுவாங்களாப்பா?"

"என்னை நினைச்சுத்தான் சிரிக்கிறாங்க."

"சிரிச்சாத்தான் என்ன? உங்களை இழுத்துக்கிட்டுப் போய்ப் பனியில போட்டவருக்கு ஒருவாட்டி சிரிக்க உரிமை இல்லையா?"

"அதனாலதான் போக முடியல" என்றார் அய்வாஸ். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம் என்பதுபோல் மகளைப் பார்த்தார்.

பதிமூன்றாம் நாள் போயிற்று. கோடையில் கல்யாணம் நடந்தது. முஸய்யிப் வந்து ஆடினார், அய்வாஸ் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார். ஆனால் கல்யாண மண்டபம் வேறு, வீட்டுக்குப் போவது வேறு. இலையுதிர் காலத்தில் முஸய்யிபின் குடும்பம் மகனோடு இருப்பதற்கு அர்தபீலுக்குக் குடிபெயர்ந்தது. அன்றைக்கென்று அய்வாஸ் வேறொருவருடைய முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி எடுத்துப் போய்விட்டார். விடைபெற வந்த முஸய்யிப் தாவூஸிடம் சொல்லிவிட்டுப் போனார். "தம்பிகிட்ட சொல்லும்மா, அர்தபீல் வீட்டுல புகைக்கூண்டு கிடையாது. நேர்லதான் வந்தாகணும்."

ஒவ்வொரு நவ்ரூஸுக்கும் அய்வாஸ், "இந்த வருஷம் அர்தபீல் போயிட்டு வந்துடணும்" என்பார். அவர் ஏறி உட்கார்ந்தால் போதும், எந்த வண்டியும் கூட்டிப்போகும். சேவ்தா ஒருமுறை, "நான் போயிட்டு வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். "நீ போனா நீ போனதாத்தான் ஆகும்" என்றார்.

அவர் இறந்தது ஒரு மாசி மாதக் குளிரில், டெப்போவில், இஞ்சின் சூடேறக் காத்திருந்தபோது. இருதயம். அடக்கம் செய்கிற இடத்தில் முழங்கால் பனி. அர்தபீல் சாலை மூடிக்கிடந்தும் எப்படியோ முஸய்யிப் வந்து சேர்ந்திருந்தார். தொப்பியில் பனி படிந்திருக்க, கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். உடலைக் குழிக்குள் இறக்கியதும், தொழுகை நடத்திய பெரியவர் மூன்று முறை கேட்கிற வழக்கப்படி கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். இறந்தவர் உங்களில் யாருக்காவது ஏதாவது பாக்கி வைத்திருந்தால் அதைப் பொறுத்தீர்களா?

"பொறுத்தோம்" என்றார்கள் எல்லோரும்.

முஸய்யிப் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற யாஷாரின் மாமன் முழங்கையால் இடித்தார். "சொல்லுங்கண்ணே. எல்லாரும் சொல்லிட்டாங்க."

"எப்படிச் சொல்றது? அவன் என் வீட்டுக்கு ஒருவாட்டி வரணும். அது பாக்கி இருக்கு."

"இந்த நேரத்துல விளையாடாதீங்கண்ணே."

"நான் எங்க விளையாடினேன்? வாசக்கதவுவரை வந்துட்டுத் திரும்பிப் போனவன். உள்ள இருந்து அவன் காலடியைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வந்து உக்காந்துட்டுப் போகட்டும், அப்புறம் பொறுக்கிறேன்."

பெரியவர் காத்திருந்தார். பெண்கள் பக்கத்தில் நின்ற சேவ்தா முஸய்யிபைப் பார்த்தாள். அவர் கண்கள் குழியிலேயே இருந்தன. பெரியவர் இரண்டாம் முறையும் கேட்டார். கூட்டம் மறுபடி பொறுத்தோம் என்றது. முஸய்யிப் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை அசைத்தார், இல்லை என்று.

மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை. மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள்.